ஏழு வீட்டுக்கு ஒரு சாவி

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது என் கொள்கை. நான் ஒற்றைப் பிள்ளை. நான், என் அம்மா, ஒரு சுவர்க் கடிகாரம் என மூன்று பேரும் ஒருவர் பேச்சில் ஒருவர் தலையிடாமல் வாழ்ந்த வீடு எங்களுடையது. குளிக்கிறவரிடம் வெளியே நின்று கதை பேசக்கூடாது, அடுத்தவர் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூடாது, மூடிய கதவைத் தட்டாமல் திறக்கக்கூடாது. இவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சட்டம். இப்படி வளர்ந்தவன் ஏழு பிள்ளைகள் பிறந்த வீட்டில் பெண் எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். பெண் அவ்வளவு அழகு.

தனிக்குடித்தனம் போன முதல் ஞாயிற்றுக்கிழமை. இடுப்பில் ஒரு துண்டு, முகம் முழுக்கச் சோப்பு நுரை, கையில் ரேசர். கூடத்துக் கண்ணாடி முன்னால் நிற்கிறேன். வாசல் கதவை நானே பூட்டியிருந்தேன். வெளியிலிருந்து பூட்டு திரும்பியது. என் மாமியார் உள்ளே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, "தாடைக்குக் கீழ நுரை பத்தலை மாப்பிள்ளை" என்றார். நேரே சமையலறைக்குப் போனார். அடுப்பில் இருந்த பாத்திரங்களின் மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். "உப்பு கம்மி" என்று ஒரு சிட்டிகை போட்டார். வந்த வழியே வெளியே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நடந்தார்.

நான் ரேசரோடு மனைவியிடம் ஓடினேன். "உங்க அம்மாகிட்ட நம்ம வீட்டுச் சாவி எப்படி வந்துச்சு?"

"நம்ம வீட்டுச் சாவி இல்லீங்க அது" என்றாள் அவள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எல்லார் வீட்டுச் சாவியும் அதுதான்."

அத்தையும் மாமாவும் கடைத்தெருவில் மாவு மில் நடத்தினார்கள். மாமா இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வார், அத்தை மனிதர்களைப் பார்த்துக்கொள்வார். இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வருஷக்கணக்கில் அதற்கு மேலே கத்திப் பேசிய அத்தைக்கு, மெதுவாகப் பேசும் வித்தையே மறந்துபோயிருந்தது. "காதும் காதும் வச்ச மாதிரி ஒண்ணு சொல்றேன் மாப்பிள்ளை" என்று அவர் ஆரம்பித்தால், எதிர்ச்சாரியில் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கும் மருந்துக்கடைக்காரர் எண்ணிக்கையை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்காருவார். புருவம், இமை, காது மடல் எல்லாம் எப்போதும் மாவு. அவர் வந்துபோன வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு பாத்திர மூடியிலும் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கும்.

மூத்த பிள்ளை சின்னப் பையனாக இருந்தபோது ஒரு மழை நாளில் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டான். வீடு பூட்டியிருந்தது. சாவி மில்லில் அத்தையின் இடுப்பில். பையன் கதவைத் தட்டினான், கத்தினான், அழுதான். அக்கம்பக்கத்தில் அப்போது வீடுகளே அதிகம் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் அத்தை வந்தபோது, அவன் நனைந்த புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு கதவில் சாய்ந்திருந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. பிழைப்பானா என்று ஆகிப்போய் ஒரு வழியாகப் பிழைத்தான்.

வேறு தாயாக இருந்தால் பக்கத்து வீட்டில் இன்னொரு சாவி கொடுத்து வைப்பாள். அத்தை அன்றைக்கே சபதம் போட்டுவிட்டார். "எம் பிள்ளைங்க யாரும் பூட்டின கதவுக்கு வெளியே நிக்கக்கூடாது!" மில்லுக்கு எதிரே இருந்த பூட்டுக்காரரிடம் போய்ப் பிள்ளைக்கு ஒரு சாவி என்று செய்து வாங்கினார். தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் ஒன்று. அதைத் தொட்டில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தக் குழந்தைதான் என் மனைவி. கிலுகிலுப்பைக்குப் பதில் சாவியைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவளிடம் போய் நான் தனிமையைப் பற்றிப் பேசினேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிள்ளைகள் கல்யாணமாகித் தனித்தனி வீட்டுக்குப் போகப் போக, அத்தை தன் வீட்டுப் பூட்டையே மாதிரியாகக் கொடுத்து அதே போல இன்னொரு பூட்டு செய்யச் சொன்னார். புது வீட்டுக் கதவில் முதலில் அது ஏறும், பிறகுதான் பால் பாத்திரமே உள்ளே போகும். மூத்தவர் அத்தையோடேயே இருந்துவிட்டார். கடைசியில் ஒரே தெருவில் ஏழு வீடு, ஒரே சாவி. மில்லுக்கு வாங்கிய பச்சை பெயின்ட் ஒரு டிரம் மிச்சம் இருந்ததால் ஏழு கதவும் ஒரே பச்சை. அதோடு ஒரு விதி. பகலில் யாரும் உள்தாழ்ப்பாள் போடக்கூடாது. பகலில் தாழ்ப்பாள் போட்டவனை எங்கள் குடும்பத்தில் கொலை செய்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். நான் ஒரு தடவை போட்டேன். அத்தை கதவைத் தட்டவில்லை, திட்டவில்லை. வாசலில் நின்றபடி, "ஐயோ, உள்ள யாருக்கோ என்னமோ ஆயிடுச்சு!" என்றார், மில் குரலில். கொஞ்ச நேரத்தில் தெருவே கூடி, ஒருவர் கடப்பாரையோடு வந்து நின்றார்.

என் சகலை லாரி ஓட்டுபவர். மனைவியின் தங்கையைக் கட்டியவர். அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே வரிசை, இரண்டு வீடு தள்ளி. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு என் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், என் கட்டிலில் என் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சகலை குறட்டை விடுகிறார். நாலு நாள் ஓட்டம் முடிந்து வந்த மனிதர் கண்ணில் பட்ட பச்சைக் கதவைத் திறந்திருக்கிறார். திறந்துகொண்டது. படுத்துவிட்டார். நான் திகைத்து நிற்கும்போதே அவர் மனைவியும் பூட்டைத் திறந்துகொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"எழுப்பிடாதீங்க மாமா, பாவம், அசந்து தூங்குறாரு. நீங்க வேணா எங்க வீட்டுல போய்ப் படுத்துக்கங்க."

மரியாதை தெரிந்தவன் கோபித்துக்கொள்ள வேண்டிய இடம். நான் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். மெத்தை நன்றாக இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சாயங்காலம் எழுந்து வந்த சகலை, "உங்க தலகாணி ரொம்ப ஒசரம் சகலை, கழுத்து புடிச்சுக்கிச்சு" என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

அன்றைக்கு முடிவெடுத்தேன். நேரே பூட்டுக்காரரிடம் போனேன். "புதுசா ஒரு பூட்டு போடணும். வேற சாவி. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"நான் எதுக்கு சார் சொல்லப்போறேன்?" என்றார் அவர்.

சொன்னபடி வந்தார். பழைய பூட்டைக் கழற்றினார், பளபளவென்று புதுசு பொருத்தினார், இரண்டு சாவிகளை என் கையில் வைத்தார். அன்று இரவு என் வளையில் நான் ராஜாவாகத் தூங்கினேன். மறுநாள் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருக்கும்போது பூட்டு திரும்பியது. அத்தை உள்ளே வந்தார். "பூட்டு மாத்திட்டீங்களா? நல்ல வேலை செஞ்சீங்க மாப்பிள்ளை. பழசு கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. இது வழவழன்னு திரும்புது!" சொல்லிவிட்டு உப்பு பார்க்கப் போய்விட்டார். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பூட்டுக்காரரிடம் ஓடினேன். மனிதர் தலையைச் சொறிந்தார்.

"அம்மா வெளியே நிப்பாங்களே சார்" என்றார். அவ்வளவுதான் அவர் பதில்.

உப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஏழு வீட்டுச் சமையலிலும் உப்பு குறைவாகத்தான் இருக்கும். இவ்வளவு பேருக்கும் கை வராதா என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். ஒரு நாள் மனைவி சமைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். உப்பைக் கையில் எடுத்தவள் அதில் கொஞ்சத்தைத் திரும்ப ஜாடியில் போட்டாள்.

"ஏன் குறைக்கிற?"

"அம்மா வந்து போடுவாங்கல்ல."

மற்ற ஆறு வீட்டிலும் இதே கணக்குதானாம். அத்தை போடும் ஒரு சிட்டிகைக்கு இடம் விட்டுச் சமைக்கிறார்கள். இது அத்தைக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?" என்றாள். அதற்கு மேல் அந்தக் குடும்பத்தில் நியாயம் பேசுவது சுவரில் முட்டிக்கொள்வதற்குச் சமம்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தவர் ஒருவர்தான். மூத்த மச்சான். மழையில் நனைந்த அதே பையன். இப்போது பள்ளித் தலைமையாசிரியர். மணி அடித்தால்தான் எதுவும் தொடங்கும், மணி அடித்தால்தான் எதுவும் முடியும் என்ற உலகத்தில் வாழ்கிறவர். அவரும் ஒரு சாவி வைத்திருந்தார், மேஜை இழுப்பறையில் பத்திரமாக. யார் வீட்டிலும் அதை அவர் போட்டுத் திறந்ததே இல்லை. தங்கை வீடானாலும் அழைப்பு மணியை அழுத்தி, இரண்டடி பின்னால் போய், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பார். தன் சொந்த வீட்டிலும் அதே கதைதான். "உள்ள இருக்கறவங்களுக்கு ஒரு முன்னறிவிப்பு வேணும் மாப்பிள்ளை" என்பார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருக்கும்.

மாமா போனபிறகு மில்லை இரண்டாவது மகன் எடுத்துக்கொண்டார். அத்தைக்கு ஓய்வு கொடுத்தோம் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அவர் ஓய்வெடுக்கவில்லை. ஏழு வீட்டுக்கும் ஒரு நடை போய்க்கொண்டிருந்தவர் இரண்டு நடை போக ஆரம்பித்தார். மூடிகளில் மட்டும் மாவு ரேகை இல்லாமல் போயிற்று.

அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்ததை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பது? என் மனைவியைக் கூப்பிட வேண்டுமென்றால் அவர் எப்போதுமே மூத்தவனில் ஆரம்பித்து, ஏழு பேரையும் கூப்பிட்டு, நடுவில் தன் தங்கையையும் மில்லில் வளர்ந்த பூனையையும் சேர்த்து, கடைசியில்தான் சரியான பெயருக்கு வந்து சேருவார். வந்து சேராமல் பூனையோடு நின்றுவிட்டபோது நாங்கள் சிரித்தோம். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு துணிமூட்டை. நேரே படுக்கையறைக்குப் போய், என் சட்டைகளைத் தள்ளிவிட்டுத் தன் புடவைகளை அலமாரியில் அடுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "யாருப்பா நீங்க? கண்ணாடி போட வந்தவரா?" என்றார்.

நான் கண்ணாடிக் கடைக்காரன்தான்.

"ஆமாங்க" என்றேன்.

"சாப்பிட்டீங்களா? உக்காருங்க. இது நம்ம வீடுதான்."

அன்றிலிருந்து அப்படித்தான். தன் வீடு எது என்பது அவருக்கு மறந்துபோயிற்று. ஆனால் அது அவருக்குத் தெரியாது. பார்த்தால் பச்சைக் கதவு, சாவியைப் போட்டால் திறக்கிறது, உள்ளே யாரோ "வாங்கம்மா" என்கிறார்கள். அப்படியானால் அது தன் வீடு. ஒரு வீட்டை விட்டு வெளியே வந்து தெருவில் நாலடி நடந்து அடுத்த பச்சைக் கதவைத் திறந்தால் அதுவும் தன் வீடு. அவர் ஒரு நாள்கூட வழி தவறவில்லை. வழி தவற வேண்டுமென்றால் திறக்காத கதவு ஒன்றாவது வேண்டுமே! அவர் எந்த வீட்டுக்குள் போகிறாரோ அந்த வீட்டார் மற்றவர்களுக்கு ஒரு போன் செய்து "இங்க இருக்காங்க" என்பார்கள். இத்தனை வருஷம் நான் பைத்தியக்காரத்தனம் என்று திட்டிய சாவிதான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

தெருவின் கடைசியில், எங்கள் வீடுகள் முடிந்து மற்றவர் வீடுகள் தொடங்கும் இடத்தில்தான் சிக்கல் வந்தது. ஒரு நாள் அந்தப் பக்கம் போய்விட்டார். தையல்காரர் வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுப் பார்த்தார், திறக்கவில்லை. அடுத்த வீடு, திறக்கவில்லை. அப்படியே கதவு கதவாக முயன்றுகொண்டு பஸ் ஓடும் பெரிய ரோட்டுக்கு வந்துவிட்டார். பஸ் டிரைவர் பிரேக்கை மிதித்த சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது. அத்தை நடுரோட்டில் நின்று பஸ்ஸின் கதவில் சாவி துவாரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

மூத்த மச்சான் குடும்பத்தைக் கூட்டினார். இனி அம்மா தன்னோடு வீட்டுக்குள்ளேயேதான் இருப்பார், வாசலுக்கு வேறு பூட்டு, சாவி தன் சட்டைப் பையில் என்றார். வெளியூரிலிருந்து ஆள் வைத்துப் பூட்டு மாற்றப்போவதாகவும் சொன்னார். நம் பூட்டுக்காரரை நம்பமுடியாதாம். தங்கைகள் அழுதார்கள், தம்பிகள் தலையாட்டினார்கள். பஸ் சத்தத்தைக் கேட்டவர்கள் வேறென்ன சொல்வார்கள்? மாப்பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டங்களில் காபி உண்டு, ஓட்டு கிடையாது. ஆனாலும் நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"பூட்ட வேண்டாம் மச்சான். அவங்களால தாங்க முடியாது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். லாரி சகலைக்குக் காபி புரை ஏறியது. "யாரு, நீங்களா சொல்றது?" என்றார். எனக்கே நான் சொன்னது புதிதாகத்தான் இருந்தது. ஆனால் பூட்டு மாறிவிட்டது.

அந்த வாரத்தில் ஒரு மதியம், அத்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மூத்த மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி துணிக்கடையில் வேலை பார்ப்பவர். மதியம் கொஞ்ச நேரம் அத்தை தனியாகத்தான் இருப்பார். நான் போகவும் மச்சான் பள்ளியிலிருந்து சாப்பாட்டுக்கு வரவும் சரியாக இருந்தது. இருவரும் வாசற்படி ஏறினோம். சட்டைப் பையில் சாவி இருக்கிறது. பழக்கதோஷம், மனிதர் அழைப்பு மணியை அழுத்திவிட்டு இரண்டடி பின்னால் போய்ச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

உள்ளே பூட்டில் ஏதோ உரசிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அத்தை தன் சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு அத்தையின் குரல் கேட்டது. அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதே இல்லை. மெதுவாக, ஊருக்குப் புதிதாக வந்தவர் பேசுவதுபோல இருந்தது.

"யாருங்க? வீட்டுக்காரங்க வெளிய போயிருக்காங்க. நான் இந்த வீட்டு ஆள் இல்லைங்க. தெரியாம உள்ள வந்துட்டேன் போல. சாவி சேரலை. அவங்க வந்தா கொஞ்சம் சொல்லுங்க, நான் எதையும் தொடலை."

மச்சான் அப்படியே நின்றார். பையில் இருந்த சாவியை எடுக்கக் கை வரவில்லை. கதவில் நெற்றியை வைத்து, "அம்மா, நான்தாம்மா, நான்தாம்மா" என்று அழுதார். தலைமையாசிரியர் என்று பாராமல் தெருவில் நின்று அழுதார். நான் அவர் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்துத் திறந்தேன். அத்தை சுவரோரமாக ஒதுங்கி நின்றார். துணிமூட்டையை மார்போடு கட்டிப் பிடித்திருந்தார். "மன்னிச்சுக்கங்க" என்றார், பெற்ற பிள்ளையைப் பார்த்து.

அன்று சாயங்காலமே பழைய பூட்டு திரும்பி வந்தது. நம் பூட்டுக்காரர்தான் மாட்டினார். அத்தையிடம், "போட்டுப் பாருங்கம்மா" என்றார். அத்தை சாவியைப் போட்டார், திருப்பினார், திறந்தது. "திறக்குது!" என்று கத்தினார், தெருக்கோடிக்குக் கேட்கும்படி. பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, "ஏன் நின்னுக்கிட்டு இருக்கீங்க? உள்ள வாங்க" என்றார். முதல் ஆளாக நான்தான் உள்ளே போனேன். சொல்வதற்கு வெட்கமில்லை.

சரி, பெரிய ரோட்டுக்கு என்ன செய்வது? வழியைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. "அம்மா ரோடு வரைக்கும் ஏன் போனாங்க? கதவு எதுவும் திறக்கலை, அதனால போனாங்க. திறந்திருந்தா அங்கேயே நின்னிருப்பாங்கல்ல?" கேட்பதற்கு மூளை குழம்பியவர் பேச்சுபோல இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஓட்டை கிடையாது.

அவள் தையல்காரர் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். தையல்காரர் மனைவி, "இதை முன்னாடியே கேக்கக்கூடாதா? அன்னிக்கு அவங்க சாவியோட நின்னதைப் பார்த்து எனக்குச் சோறு இறங்கலை" என்றாள். அவர்கள் கதவிலும் அதே பூட்டு ஏறியது. அடுத்து மருந்துக்கடைக்காரர் வீடு. அதற்கடுத்து, தனியாக இருந்த ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். "என் வீட்டுல திருட என்ன இருக்கு? ஆள் வந்தாலே லாபம்" என்றார் அவர். பூட்டுக்காரர் கடையில் வேறு வேலையே நடக்கவில்லை. மிச்சமிருந்த பச்சை பெயின்ட்டும் தீர்ந்துபோயிற்று.

ரோட்டுக்கு முந்தின கடைசி வீடு ஒரு போலீஸ் ஏட்டுடையது. ஊருக்குப் புதிது. நானும் மூத்த மச்சானும் போய் விஷயத்தைச் சொன்னோம். அவர் எங்களை விசாரணைக் கைதிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தெரு பூராவும் ஒரே சாவி. அதை என் வீட்டுக்கும் போடணும். என்கிட்டயே வந்து கேக்கறீங்க" என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, திறந்திருந்த கதவு வழியாக அத்தை உள்ளே வந்தார். ஏட்டைத் தாண்டிச் சமையலறைக்குப் போனார். மூடி தூக்கும் சத்தம் கேட்டது. "உப்பு கம்மி!" என்று குரல் வந்தது. ஏட்டு எழுந்து போய்ச் சாப்பிட்டுப் பார்த்தார். தட்டோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். கல்யாணமானதிலிருந்து உப்பைப் பற்றி வாய் திறக்கத் தைரியமில்லாமல் இருந்தாராம். மறுநாள் அவர் வீட்டிலும் பூட்டு ஏறியது.

அதன்பிறகு அத்தை பெரிய ரோட்டைப் பார்க்கவே இல்லை. இரண்டு மூன்று வீடு தாண்டுவதற்குள் ஏதாவது ஒன்றில் உட்கார்ந்துவிடுவார். தெருவில் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் தாராளமாகப் போய்வர ஆரம்பித்தார்கள். என் வீட்டில் தபால்காரர் வந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஏட்டு ஒரு நாள் களைத்து வந்து என் கட்டிலில் படுத்திருந்தார். அவரை யார் எழுப்புவது? நான் வழக்கம்போல லாரி சகலை வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அத்தை போனது தையல்காரர் வீட்டில். காலையில் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு போயிருக்கிறார். உப்பு பார்த்திருக்கிறார். "கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன், நம்ம வீடுதானே" என்று தையல் மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாவி கையிலேயே இருந்தது. செய்தி கேட்டு நாங்கள் ஓடியபோது தையல்காரர் மனைவி வாசலில் விழுந்து அழுதுகொண்டிருந்தாள். "எங்க வீட்டுலதான் இருந்தாங்க, இங்கிருந்துதான் கிளம்பணும்" என்று ஒரே பிடிவாதம். எங்கள் வீட்டுப் பெண்கள் விடுவார்களா? எந்த வீட்டிலிருந்து எடுப்பது என்று பெரிய சண்டை. கடைசியில் ஏட்டுதான் தீர்த்து வைத்தார். எல்லாம் ஒரே சாவி, எந்த வீடாக இருந்தால் என்ன என்றார். அந்த மனிதர் வாழ்க்கையில் சொன்ன ஒரே சட்டமில்லாத வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபிறகு ஒரு நாள் மனைவி சொன்னாள். "இனிமே நீங்க பூட்டு மாத்திக்கலாம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

எத்தனை வருஷத்து ஆசை! எழுந்து பூட்டுக்காரர் கடை வரைக்கும் போனேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இனி அத்தை திடீரென்று வந்து நிற்கமாட்டார் என்பதே என்னால் தாங்கமுடியாததாக இருந்தது. நுரை பூசிய முகத்தோடு கூடத்தில் நின்றால் வீடு காது அடைக்கும்படி அமைதியாக இருந்தது. சாப்பாடும் வாயில் வைக்க விளங்கவில்லை. மனைவி இன்னும் உப்பைக் குறைத்தே போட்டுக்கொண்டிருந்தாள். கை அப்படிப் பழகிவிட்டது. நான் அதைச் சொல்லவில்லை. ஏழு வீட்டிலும் அதே கதைதான் என்று லாரி சகலை சொன்னார். யாரும் யாரையும் குறை சொல்லாமல் சப்பென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மதியம். நான் கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். பூட்டு திரும்பியது. தபால்காரர் கதவைத் திறந்தால் முதலில் இருமுவார், ஏட்டு பூட்ஸைக் கழற்றி வீசுவார். இது அப்படி இல்லை. யோசிப்பதற்குள் என் வாய் தானாக, "வாங்க அத்தை" என்றது.

மூத்த மச்சான் நின்றார். கையில் அவருடைய சாவி. இழுப்பறையிலேயே கிடந்ததால் இன்னும் பளபளப்பாக இருந்தது. மணி அடிக்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனார். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுப்பில் இருந்த பாத்திரத்தின் மூடியைத் தூக்கினார். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். பழக்கமில்லாத மனிதர், சட்டைக்கை நனைந்துவிட்டது.

"உப்பு கம்மி" என்றார். மைதானத்தில் பிள்ளைகளை வரிசையாக நிற்கச் சொல்லும் குரலில் சொன்னார்.

என் மனைவி உப்பு ஜாடியை எடுத்து நீட்டினாள். அவர் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார், கிளறினார், மூடினார். "சரி, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்த வழியே வெளியே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பு சரியாக இருந்தது. மனைவி ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டாள். அவளுக்குத் தண்ணீர் எடுத்து வைக்க நான் எழுந்தபோது அடுத்த வீட்டுப் பூட்டு திரும்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மூடி தூக்கும் சத்தமும் கேட்டது.